பதினோராவது படி

என் தங்கை புருஷன் எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து. சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை அவனுக்கு. பழைய மைக் ஒன்று மலிவாக வந்தபோது, பீரோவும் கட்டிலும் சுமந்து நான் சேர்த்ததில் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. கேட்டால் "அடுத்த வாரம் மச்சான்" என்பான். அந்த வாரத்தை மட்டும் எந்தக் காலண்டரிலும் அச்சடிக்கவில்லை.

ஒரு மத்தியானம், வாங்காமல் திரும்புவதில்லை என்று அவன் வேலை செய்யும் அறைக்கே போய்விட்டேன். சுவர் முழுக்க மெத்தை. கதவைச் சாத்தினால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். மாப்பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. நாலு மணிக்கு டைரக்டர் வர்றாரு. இந்த ஒரு சீனை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு. இன்னிக்கும் சரியா வரலேன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. கடைசித் தவணையும் போச்சு, உங்க காசும் போச்சு."

"என் காசு எப்படி மாப்ள போகும்? அதுவும் உன் படத்துல நடிக்குதா?"

"போட்டுக் காட்டுறேன், பாருங்க."

திரையில் ஒரு பெண் தனியாக மாடிப்படி ஏறுகிறாள். மேலே சாத்தின கதவு. அதற்குப் பின்னால் ஆள் உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. முதல் படியிலிருந்தே வயலினும் டிரம்மும் அவளோடு சேர்ந்து ஏறின.

"எப்படி மச்சான்?"

"பயமே வரல. டிரம்காரன்தான் 'வருது, வருது'ன்னு முன்னாலயே சொல்லிடுறானே. நான் தயாரா உக்காந்துட்டேன்."

இசையை மொத்தமாக எடுத்துவிட்டுப் போட்டான். இப்போது அந்தப் பெண் துணி காயப்போட மாடிக்குப் போகிற மாதிரி இருந்தது.

எனக்கு என் வேலை நினைவுக்கு வந்தது. படியில் பீரோ ஏற்றும்போது கீழே பிடித்திருப்பவனுக்கு எதுவும் தெரியாது. முகத்துக்கு நேரே பீரோதான். மேலே பிடிப்பவன் "ஏறு... ஏறு..." என்று குரல் கொடுத்துக்கொண்டே போவான். அதை நம்பித்தான் கால் வைப்போம்.

"குரல் வர்ற வரைக்கும் பயமில்ல மாப்ள. கத்தினாக்கூடப் பயமில்ல. கத்திக்கிட்டே வந்தவன் பாதியில நிறுத்தினான்னு வை, அப்பத்தான் பயம். தூக்கின கால் அந்தரத்துல நிக்கும். மொதல்ல இருந்தே பேசாம வந்தான்னா அதுவும் பழகிப் போயிருக்கும்."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு பதினோராவது படியில் அவள் காலைத் தூக்கும் நேரத்தில் இசையைப் பாதியில் வெட்டினான். அங்கிருந்து கதவு வரைக்கும், படம் எடுத்த இடத்தில் அந்தப் பழைய மைக்கில் பதிந்து வைத்திருந்த வெறும் அமைதியைச் சேர்த்தான். சும்மா கிடக்கிற அறைக்கும் ஒரு சத்தம் உண்டாம். அதுவும் இல்லையென்றால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று ஜனங்கள் நினைப்பார்களாம்.

ஓடவிட்டோம். வயலின் அறுந்தது. என் முதுகு தானாக நிமிர்ந்தது. அப்போது எங்கிருந்தோ ஒரு மூச்சு. கரகரவென்று, இழுத்து இழுத்து.

"யாரு மூச்சு இது?" என்றான் மாப்பிள்ளை.

எனக்குத் தெரிந்துவிட்டது. படம் எடுத்த அன்றைக்கு அந்த மாடிக்குச் சாமான் ஏற்றினவன் நான். சத்தம் பதிவு செய்யவேண்டும், ஒரு நிமிஷம் யாரும் அசையக்கூடாது என்றார்கள். கை காலைத்தான் சொல்கிறார்கள் என்று, மூலையில் அசையாமல் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளும் அது அந்தப் பதிவுக்குள்ளேயே ஒளிந்திருந்திருக்கிறது. மறுபடி பதியலாம் என்றால் அந்த செட்டே இப்போது இல்லை. பிரித்து லாரியில் ஏற்றினதும் நானேதான்.

"நான் காசு குடுத்த மைக், என்னையே பிடிச்சுக் குடுத்துருச்சு. உன் பிழைப்பைக் கெடுத்துட்டேன் மாப்ள. அந்தக் கடனை மறந்துடு. தள்ளுபடி பண்ணியாச்சு."

அவன் வாய் திறப்பதற்குள் டைரக்டர் உள்ளே வந்துவிட்டார். இருபது நிமிஷம் முன்னதாக. வேறு வழியில்லை, ஓடவிட்டான்.

சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் வயலின் அறுந்ததும் முன்னால் நகர்ந்தார். மூச்சு கேட்டதும் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நெளிந்தது. அவள் கதவைத் திறந்தாள். அறை காலி.

"பின்னால ஒருத்தன் நிக்கிறான்னே நினைச்சேன்யா. கதை எழுதின எனக்கே!" என்றார். "யாரோட மூச்சு அது?"

"நம்ம மச்சானோடதுதான் சார்."

"அப்படியே இருக்கட்டும். கை வைக்காத."

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வீட்டுக்குக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை ஒரு கவரை நீட்டினான்.

"அதான் தள்ளுபடி பண்ணியாச்சுன்னு சொன்னேனே" என்றேன்.

"வாங்கிக்கோண்ணா" என்றாள் தங்கை. "ஒன்றரை வருஷமா நீ வந்தா இவரு குளிக்கப் போயிடுறாரு. இந்த வீட்டுல தண்ணி பில்லு கட்டி மாளல."

வாங்கி, சத்தமாக எண்ணினேன். "நாலாயிரம்... நாலாயிரத்து நூறு... இருநூறு... முந்நூறு..." அங்கே நிறுத்தினேன். ஃபேன் மட்டும் ஓடியது. தங்கை கையில் கரண்டி அப்படியே நின்றது. மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன மச்சான், குறையுதா?"

"எண்பத்தஞ்சு. சரியா இருக்கு" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். "சும்மா நிறுத்திப் பாத்தேன்."