கொக்கியில் ஒரு பொட்டலம்

ஒரு லாரி இரும்பை அலட்சியமாகத் தூக்கும் கிரேன் அது. அன்று அதன் கொக்கியில் தொங்கியது ஒரே ஒரு கிரீம் பிஸ்கட் பொட்டலம்!

தூக்கியவர் உச்சாணி. கட்டடம் எழும்பும் அந்த இடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கிரேன் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள், நாள் முழுக்க ஒற்றை ஆளாய் உட்கார்ந்திருப்பவருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

விஷயம் சாதாரணமில்லை. அடுத்த வாரம் அவருக்கு மருத்துவப் பரிசோதனை. போன தடவையே டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சர்க்கரை இப்படியே இருந்தா, உங்களைக் கிரேன்ல உட்கார வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கூண்டு போனால் கேட்டில் காவலுக்கு ஒரு ஸ்டூல். அவ்வளவுதான் மிச்சம்.

அவரும் சும்மா இருக்கவில்லை. வீட்டிலிருந்த இனிப்பு டப்பாக்களைப் பக்கத்து வீட்டுக்குத் தாரை வார்த்தார். கூண்டுக்குள் டிபன் பாக்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கொண்டுபோவதில்லை. நடுவில் ஏணியில் இறங்கி ஏற முழங்கால் சம்மதிக்காது. ஆக, காலையில் மேலே ஏறிவிட்டால் தப்பித்தார். அப்படித்தான் நினைத்தார்.

ஆனால் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கெட்ட யோசனை வந்தாலும், கிரேன் யோசனையாகத்தானே வரும்!

அன்று மதியம் கான்கிரீட் லாரி வரவில்லை. கீழே நின்று சிக்னல் கொடுக்கும் பெண், வாக்கிடாக்கியில் "நில்லுங்க" என்றாள். பிறகு மௌனம். வேலைப் பேச்சைத் தவிர அதில் வேறு பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். மேலே, கீழே, இடது, நில்லுங்க. பகல் முழுக்க அவர் காதில் விழும் மனிதக் குரல் இவ்வளவுதான்.

அப்போதுதான் சாப்பிட்டிருந்தார். வயிறு நிறைந்திருந்தது. நாக்கு மட்டும் நமநமத்தது. தண்ணீர் குடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் செல்போனை எடுத்துக் கேன்டீன்காரரை அழைத்தார்.

"தலைவரே, டீயா?"

"டீ வேண்டாம். கிரீம் பிஸ்கட். கொக்கியில மாட்டி விடு."

"எந்தக் கொக்கியில?"

"என்கிட்ட எத்தனை கொக்கிய்யா இருக்கு?"

சிக்னல் இல்லாமல் கொக்கியை அசைப்பது அந்தத் தொழிலில் பெரிய குற்றம். தெரிந்தேதான் லீவரைத் தொட்டார். பொட்டலம் விறுவிறுவென்று மேலேறியது. கொக்கியைத் தாங்கி ஓடும் ட்ராலியைக் கூண்டை நோக்கி இழுத்தார்.

"நிறுத்துங்க!"

வாக்கிடாக்கி அலறியது. திடுக்கிட்டுக் கையை எடுத்தார். ட்ராலி சடாரென்று நின்றது. கொக்கி நிற்கவில்லை. கனத்த இரும்பு, பிஸ்கட்டையும் சுமந்துகொண்டு கூண்டுப் பக்கமாக ஆடி வந்தது.

புது ஆள் என்றால் வெடுக்கென்று பின்னால் இழுப்பான். ஆட்டம் இன்னும் கூடும். உச்சாணி, அது போகிற பக்கமே ட்ராலியைக் கொஞ்சம் ஓட்டினார். கொக்கிக்கு நேர் மேலே வந்ததும் நிறுத்தினார். ஆட்டம் அடங்கியது.

"யாரைக் கேட்டு அண்ணே தூக்கினீங்க?" ஓடி வந்ததில் சிக்னல் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "அது என்ன பொட்டலம்?"

"பிஸ்கட்."



"பிஸ்கட்டுக்கா கிரேன்? அவ்வளவு பசியா?"

"பசியில்ல. இப்பதான் சாப்பிட்டேன்."

"அப்புறம் எதுக்கு?"

பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போன மனைவி, 'ஒரே மாசம்' என்று சொல்லிப் போனவள், இன்னும் திரும்பவில்லை. சாயங்காலம் போனில் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். அத்தோடு பேச்சு முடியும். போனை வைத்ததும் கை டப்பாவைத் தேடும். யோசித்துப் பார்த்தால், பசித்தபோது அவர் பிஸ்கட்டைத் தேடியதே இல்லை.

"தெரியல பாப்பா. நீ 'நில்லுங்க'ன்னுட்டு அமைதியாயிட்டா, இது வந்துடுது."

நாக்கு இன்னும் அடங்கவில்லை. பொட்டலம் இதோ, கூண்டுக்குச் சற்றுக் கீழே. லீவரை லேசாகத் தொட்டால் போதும். இத்தனை நாளும் இந்த ஆசையை அவர் புது ஆள் மாதிரிதான் கையாண்டிருந்தார். வெடுக்கென்று இழுப்பது, தன்னையே திட்டுவது, சத்தியம் செய்வது. அது இன்னும் வேகமாக ஆடி வந்து அடிக்கும்.

இப்போது இழுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டார். வரட்டும் என்று விட்டார். வந்தது. அதன் பின்னாலேயே, பூட்டிய வீட்டைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற வெறுமையும் வந்தது. வாயில் எதையும் போட்டு அதை மூடாமல் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியது. நாக்கு மெல்ல அடங்கியது. வெறுமை மட்டும் நகரவில்லை.

"சிக்னல் கொடு பாப்பா. இறக்கிடறேன்."

"கீழே... கீழே... மெதுவா... நில்லுங்க." பொட்டலத்தை அவிழ்த்தவள் தயங்கினாள். "இன்ஜினியர்கிட்ட இதைச் சொல்லியாகணும் அண்ணே."

"சொல்லு. தப்பு என்மேலதான்."

வாக்கிடாக்கி மறுபடி ஓய்ந்தது. உச்சாணி செல்போனை எடுத்தார். மனைவியை அழைத்தார்.

"என்ன இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவது..."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தனியா வீட்ல இருக்க முடியல. நீ எப்ப வர்ற?"

அந்தப் பக்கம் பேத்தி சிணுங்குவது கேட்டது. மனைவி அவளைச் சமாதானப்படுத்தினாள். போனை வைக்கவில்லை.

அவர் காத்திருந்தார்.