வேலி ஓரத்துப் புல்

மேனேஜர் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

மேனேஜர் எங்கள் கினிப்பன்றி. என் கணவர் ஒரு பள்ளியின் விளையாட்டு மைதானத்தைப் பராமரித்தவர். அங்கிருந்த உயிரியல் ஆசிரியை மாற்றலாகிப் போனபோது, யாரும் எடுத்துக்கொள்ளாமல் ஆய்வகத்தில் கிடந்த அந்தக் குட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வந்த அன்றே அது தொந்தியைச் சரித்து உட்கார்ந்து எங்களை மேலும் கீழும் பார்த்தது. "பார்வையைப் பாருங்க, லீவு கேக்க வந்தவங்களப் பாக்கற மாதிரி," என்றேன். பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது ஏழு வயது. அதன் இனத்துக்கு நல்ல முதுமை. கேரட் துருவலுக்கு ஓடி வருகிறது, வாயில் எடுக்கிறது, போட்டுவிடுகிறது. மோவாய் மயிரெல்லாம் எச்சிலில் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

"வயசாச்சில்ல, பசி எடுக்கல," என்றார் அவர்.

"பசி இல்லாமத்தான் ஓடி வருதா? வாயிலதாங்க ஏதோ."

கால்நடை மருத்துவர் சின்னப் பெண். "பெரியவருக்கு என்ன வயசு?" என்றாள்.

"அறுபத்தொண்ணு," என்றார் இவர்.

"உங்களக் கேக்கலங்கய்யா."

சிறு விளக்கை வாய்க்குள் காட்டிப் பார்த்தவள் முகம் மாறியது. கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து வளர்ந்து, நாக்கை மேலிருந்து அழுத்திப் பிடித்திருந்தன.

"நாக்கை அசைக்கவே முடியல, பாவம். என்ன குடுக்கறீங்க?"

"கேரட்டத் துருவி, வெள்ளரிக்காயத் தோல் சீவி... வயசான வாய்க்கு மெத்துன்னு இருக்கணுமில்ல," என்றார் பெருமையாக.

"புல்லு?"

நான்தான் சொன்னேன். "முன்னாடி தினமும் கொண்டு வருவார். ரிடையர் ஆனதும் நின்னுபோச்சு."

"இதுங்களுக்குச் சாகற வரைக்கும் பல்லு வளரும்மா. புல்லை அரைச்சு அரைச்சுத்தான் தேயும்."

மயக்க மருந்து கொடுத்துப் பற்களைத் தேய்த்துவிட்டாள். கண் விழித்ததே பெரிது என்றாள். "நாளைக்குள்ள தானா மெல்லணும். இல்லன்னா குடல் நின்னுடும், அப்புறம் கஷ்டம். நீளமான புல்லா குடுங்க."

வீட்டுக்கு வந்து ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் புகட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஸ்கூல் வேலி ஓரத்துல இருக்குமே," என்றேன்.

"நான் வளத்த புல்ல நானே போய்க் கேட்டு வாங்கணுமா?"

"எனக்காகவா கேக்கச் சொல்றேன்? மேனேஜருக்குத்தானே?"

அவர் கூண்டருகே உட்கார்ந்து, அந்த ஈர மோவாயைக் கட்டைவிரலால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு பரணில் அரிவாளைத் தேடும் சத்தம் கேட்டது.

அவர் போனபின் வீடு எனக்குப் பழைய வீடாகத் தெரிந்தது. வேலைக்குப் போன காலத்தில் சாயங்காலம் முற்றத்தில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்தை எனக்கு முன்பே மேனேஜர் கேட்டுவிடும். வீடு அதிர விசில் அடிக்கும். அதைக் கேட்டுத்தான் நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன். பை நிறையப் புல்லும் சட்டைக் கையில் பச்சைக் கறையுமாக அவர் நுழைவார். "எனக்கு ஒண்ணும் இல்லியா?" என்றால் காதில் ஒரு புல்லைச் செருகிவிட்டுப் போவார்.

ஓய்வு பெற்றதும் மனிதர் முழுதாக எனக்குக் கிடைத்துவிட்டார் என்றுதான் சந்தோஷப்பட்டேன். ஆனால் எப்போதும் வீட்டிலேயே இருக்கிறவர் வீட்டுக்கு வருவதில்லை. இந்த ஒன்றரை வருடமாக எதையோ எதிர்பார்த்து மாலையில் வேலைக்கு நடுவே கை நின்று நின்று போவது ஏனென்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு சத்தம். மேனேஜர் தலையைத் தூக்கியது. விசில் வரவில்லை.

கால்சட்டை முழங்கால்வரை ஈரமாக அவர் உள்ளே வந்தார். "புதுசா வந்தவன் மெஷின ஓட்டித் தரையப் பிராண்டி வச்சிருக்கான். நல்லவேளை, ஓரத்துக்கு எட்டல. 'நீங்க கேக்கணுமா சார், வாங்க'ங்கறான்." கோபமாகச் சொல்லப் பார்த்தார். முடியவில்லை.

ஒரு புல்லை மட்டும் நீட்டினார். மேனேஜர் முகர்ந்தது. நுனியைக் கவ்வியது. விட்டுவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை. மறுபடி கவ்வியது. இம்முறை அவர் விரல்களிலிருந்து புல் மெல்ல நழுவி, கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, உள்ளே போய் மறைந்தது. அரைபடும் சத்தம் கேட்டது.

"நாளைக்கும் போகணும்," என்றார், அடுத்த புல்லை எடுத்தபடி.

"எத்தன மணிக்கு வருவீங்க?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் வைக்க எழுந்தேன்.