துரைசானி வீட்டுக் கிழங்கு

இருசம்மாளுக்குப் பூவின் மேல் ஆசையா என்ன? ஒரு மண்ணும் இல்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் கோட்டைக் கிடங்கில் அடைபட்டுக் கிடந்த அவள் மகள். ஏரிக்கரையில் கிளிஞ்சல் பொறுக்கப் போன பெண்ணை ஆள்பிடிக்கிறவர்கள் தூக்கிப்போய் ஒல்லாந்தரிடம் விற்றுவிட்டார்கள். கடல் தாண்டிப் பத்தாவியாவுக்கு அடிமைகளைக் கொண்டுபோகும் கப்பல் வந்ததும் ஏற்றிவிடுவார்கள். பாவிகள், கூடையில் மீனை அள்ளுவதுபோல மனுஷரை அள்ளினார்கள்.

அதனால்தான் தன் ஊரான பசியாவரத்தை விட்டு வந்து, அந்தக் கோட்டை இருந்த பழவேற்காட்டில் ஒரு ஒல்லாந்துத் துரை வீட்டில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். யாரைக் கப்பலில் ஏற்றுவது, யாரை விடுவது என்பதெல்லாம் அந்தத் துரை கையில். அவரை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்கு உதறல். துரைசானியின் காலில்தான் விழுந்தாள்.

துரைசானியும் பெண்ணைப் பறிகொடுத்தவள்தான். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அவளுடைய ஒரே குழந்தை போய்விட்டது. சாவதற்கு முன் அது ஒரு கிழங்கைச் சட்டியில் நட்டிருந்தது. கப்பலில் வந்த கிழங்கு, பார்க்க வெங்காயம் மாதிரி இருக்கும். சமையல்கட்டில் கற்ற தமிழில் துரைசானி சொன்னாள்:

"இது எங் கொயந்த வெச்சது. நீ பாத்துக்கோ. பூ வந்தா எனக்குக் குடு. உங் கொயந்தய நான் தொரகிட்ட கேக்கறேன்."

அன்றிலிருந்து இருசம்மாளுக்குச் சோறு தண்ணீர் எல்லாம் அந்தச் சட்டிதான். வீட்டுக் கிணறு உப்புக் கரித்ததால் ஊருக்கு வெளியே போய் நல்ல தண்ணீர் சுமந்து வந்தாள். கிழங்கு அழுகிவிடுமோ என்று மண்ணை விரலால் குத்திப் பார்த்த பிறகே ஊற்றுவாள். காலை வெயிலுக்கு ஜன்னலோரம் வைப்பாள், கடற்காற்று கிளம்பியதும் கதவைச் சாத்துவாள். தண்டு வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தால் சட்டியைத் திருப்பி வைப்பாள். இலையில் படிந்த உப்பை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பாள்.

"இன்னாமே, அந்த வெங்காயத்த உரிச்சி குடுத்தா கொயம்பு வெச்சிருவேன்," என்பான் சமையல்காரன் துளசிங்கம்.

"உன் வாயில புண்ணு வர!" என்று சீறுவாள் அவள். சிரிக்கிற நிலையிலா இருந்தாள்?

கப்பல் வந்துவிட்டது. முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. மறுநாள் விடியும்போது மொட்டு விரிந்திருந்தது. ரோஸ் நிறத்தில், கை அகலத்துக்கு ஒற்றைப் பூ. இருசம்மாள் வாய்விட்டு அழுதாள். என் கண்ணே, பிழைத்தாயடி என்று அங்கேயே மகளைக் கூப்பிட்டாள். குளித்து, ஈரப்புடவையோடு வந்து, நகம் படாமல் பூவைக் கிள்ளினாள். பித்தளைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"தொரசானிம்மா, பூ வந்துட்ச்சி. தலையில வெச்சிக்கோ, தாயி."

துரைசானி தட்டைப் பார்த்தாள். ஜன்னலோரம் மொட்டையாக நின்ற தண்டைப் பார்த்தாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

துளசிங்கம் ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி, இன்னா காரியம் பண்ணிட்டமே! இவங்க செடியிலயே வுட்டுப் பாக்குறவங்க. சட்டியோட குடுக்கணும்!"

"குடுன்னுதானே சொன்னாங்க? பூவ பறிக்காம எப்டிண்ணா குடுக்கறது?"

அவள் பிறந்த ஊரில் பூத்த பூவைச் செடியில் வாடவிடுவது பாவம். யாரைக் குறை சொல்ல?

கரையில் படகுகளில் ஆள் ஏற்றுகிற சத்தம் கேட்டது. "போய்ப் பொண்ணு மொகத்தையாவது பாத்துட்டு வாமே," என்றான் துளசிங்கம். அவள் போகவில்லை. போனால் முகத்தை மட்டும்தான் பார்க்கலாம், இந்தக் கதவு திறந்தால் மகளே கிடைப்பாள். இந்த நப்பாசைதான் மனுஷரைக் கொல்கிறது. கதவில் நெற்றியை முட்டி முட்டிக் கெஞ்சினாள். "தெரியாம பண்ணிட்டேன் தாயி, என்ன கொன்னு போடு, அவள வுட்ரச் சொல்லு." உச்சிவெயில் சாய்ந்தது. கப்பல் புறப்படும்போது சுடுகிற பீரங்கி கடல் பக்கம் ஒருமுறை முழங்கி அடங்கியது.

அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. துரைசானியின் கண்கள் வீங்கியிருந்தன. கீழே கிடந்தவளின் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டாள்:

"தொரகிட்ட சொல்லணும். உம் பொண்ணு பேரு இன்னா?"

"தேவகி," என்றாள் இருசம்மாள்.