ஐம்பது கிராமுக்கு மேல்

1

இந்தக் கதை என் குளியலறை ஜன்னலிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கான்பெராவில், கம்பா பகுதியில், பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அந்த ஜன்னலைத் திறந்தால் பின்வீட்டுக்காரர்கள் இருவரின் கொல்லைகளும் தெரியும். ஒன்று லோர்னா பாஸ்கோவுடையது, மற்றது ஈவோ மாடுலிச்சுடையது. நடுவே இடுப்புயரத் தகர வேலி. போன இலையுதிர்காலத்தில் (எங்களுக்கு அது ஏப்ரல், மே) பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"ஏப்ரல் மாதத்துப் பொன்னொளியில் லோர்னா தன் கஞ்சாச் செடியின் கிளைகளை மெல்ல வருடி—"

வேண்டாம். லோர்னா முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பொன்னொளி கண்ணில் பட்டால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்கிற ஆள்.

இரண்டாவது தொடக்கம்:

"எங்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு கஞ்சாச் செடி வளர்க்கலாம். காய்ந்த பூ ஐம்பது கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு சிட்டிகைகூட இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, இனாமாகக்கூட."

இது நகராட்சி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ஆனாலும் இது தெரியாமல் கதை ஓர் அடி நகராது. இருந்துவிட்டுப் போகட்டும்.

3

லோர்னா அறுவடை செய்கிற அழகே தனி. ஒரு வாரமாகத் தினமும் பூதக்கண்ணாடி வைத்துப் பூவின் பிசின் துளிகளைப் பார்த்தார். கண்ணாடி நிறம் போய்ப் பால் நிறம் வந்த அன்று, பனி உலர்ந்ததும் வெட்டினார். பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, துணி துவைக்கும் அறையில் கொடி கட்டிக் கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். திரையை இழுத்துவிட்டு, சின்ன மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பன்னிரண்டாம் நாள் ஒரு சிறு காம்பை வளைத்தார். படக்கென்று ஒடிந்தது. அதன்பிறகு ஜாம் பாட்டில்களில் போட்டு, காலைத் தேநீருக்குப் பின் தினமும் ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்தார். முதல் வாரம் வெட்டிய புல் வாசனை அடித்தது. மூன்றாம் வாரம் எலுமிச்சைத் தோலும் மிளகும் கலந்த வாசனை வந்துவிட்டது.*

* (ஜன்னலிலிருந்து இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியாது. லோர்னா பெருமையடித்துக்கொண்டதைக் கேட்டு எழுதுகிறேன்.)

4

ஈவோ காங்கிரீட் வேலை பார்த்து முதுகைத் தொலைத்தவர். குரோவேஷியாக்காரர், வயது எழுபத்திரண்டு. மாத்திரை வயிற்றுக்கு ஆகாது. தன் செடியில் கொஞ்சம் இழுத்தால்தான் நாலு மணி நேரமாவது தூங்குவார். மே மாதம் வந்தால் குளிர் எலும்புக்குள் இறங்கும். ஆகவே அந்த இரண்டு செடிதான் அவருக்குக் குளிர்காலம் முழுக்கத் தூக்கம்.

அந்தத் தூக்கத்தை ஈவோ எப்படிக் கெடுத்துக்கொண்டார் என்பதை அவர்களே பேசட்டும்.

"யோவ் ஈவோ, அறுத்ததை எங்கய்யா தொங்கவிட்ட?"

"கறிக் கொட்டாயில."

"கறிக் கொட்டாயிலயா!"

"ஏன்? நாப்பது வருஷமா பன்னித்தொடை அங்கதான் காயுது. ஒண்ணு கெட்டிருக்கா? பூஞ்சை புடிக்கக் கூடாதேன்னு அதே மாதிரி லேசா புகை போட்டேன்."

"அதப் பத்த வச்சாத்தான்யா புகை வரணும்! நீ முன்கூட்டியே போட்டுட்டியா?"

"சிரி அம்மணி, நல்லா சிரி."

ஈவோ கொஞ்சம் பூவை உள்ளங்கையில் வைத்து வேலிக்கு மேல் நீட்டினார். லோர்னா அதைக் கையில் வாங்கவில்லை. வாங்கினால் அவர் கொடுத்ததாக ஆகிவிடும். குனிந்து மோந்து மட்டும் பார்த்தார். தொட்டால் தூளாகிற பூ, பூண்டு வாடை, மரப்புகை.

"முட்டையில போட்டு வறுக்கலாம்," என்றார் லோர்னா.

"இழுத்துப் பாத்தேன். ரெண்டு மணி நேரம் இருமல். தூக்கம் மட்டும் வரல."

இதைச் சொல்லும்போது ஈவோ சிரிக்கவில்லை. லோர்னாவும் சிரிப்பை நிறுத்திவிட்டார். தன் பூவில் கொஞ்சம் ஈவோ கேட்கட்டும் என்று லோர்னா காத்திருந்தார் என நினைக்கிறேன். ஈவோ கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே இல்லாத மனிதர்.

5

மறுநாள் லோர்னா சமையலறைத் தராசில் தன் அறுவடையை நிறுத்தார். நூற்றிருபத்து மூன்று கிராம். ஐம்பதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை உரத்தொட்டியில் போட எடுத்துப்போனார். வருடா வருடம் அப்படித்தான். பேருந்து ஓட்டிய முப்பத்தொரு வருடத்தில் ஓர் அபராதச் சீட்டுகூட வாங்காதவர்.

[இங்கே எனக்கு லோர்னா மேல் சந்தேகம் வருகிறது. பக்கத்து வீட்டு மனிதன் தூங்க முடியாமல் நின்றபடியே விடியலைப் பார்க்கும்போது, எழுபத்து மூன்று கிராமை மண்ணில் போட ஒரு பெண்ணுக்கு மனம் வருமா? வரும். சட்டத்துக்குப் பயந்து நானே நிறையச் செய்யாமல் விட்டிருக்கிறேன்.]

முடிவு ஒன்று: லோர்னா கொடுத்துவிடுகிறார். அப்படி எழுதினால் அவர் குற்றவாளி, நான் கைப்பட எழுதிக்கொடுத்த சாட்சி.

முடிவு இரண்டு: லோர்னா மண்ணைத் தள்ளி மூடுகிறார். ஜூன் முழுக்க ஈவோ தன் சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, மேசையைப் பிடித்தபடி—

இதை எழுதக் கை வரவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

6

நான் பார்த்தது இதுதான். உரத்தொட்டி வேலியை ஒட்டி இருக்கிறது. லோர்னா அதன் மூடியைத் திறந்து, பாட்டிலைச் சாய்க்காமல், அப்படியே உள்ளே வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஈவோ.

"அம்மணி, கண்ணாடி மக்காது."

"தெரியும்யா. நாளைக்கு வந்து கொட்டிக்கிறேன். இப்போ கடைக்குப் போகணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம். தொட்டி மூடி வேற சரியா பொருந்தல, எவன் கை விட்டாலும் எனக்குத் தெரியாது."

"நான் எதையும் கேக்கலையே."

"நானும் எதையும் சொல்லலையே!"

கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஈவோ வேலி ஓரமாகவே நின்றார். ஒரு கை தகரத்தின் மேல் இருந்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

எழுதுகிறவன் இப்படிச் செய்யலாமா என்று கோபப்படாதீர்கள். பார்த்திருந்தால் எழுதியிருப்பேன், எழுதியிருந்தால் ஒருவருக்குத் தொல்லை, அல்லது ஒருவருக்கு அவமானம். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே இப்போது ஈவோ நீங்கள்தான். வாழ்க்கையில் யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. இடுப்பு எரிகிறது. வேலிக்கு மேல் கை எட்டும். லோர்னா திரும்பி வர இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இருக்கிறது.