இடையூறு ஏதுமில்லை

"ஏஞ்சாமி பேனாவ வச்சுட்ட? எழுது. 'எங்கள் வீதியில் சக்கர நாற்காலியில் செல்வோர் எவரும் இல்லை.' அவ்வளவுதான், முடிஞ்சுது."

அன்பரசு சொன்னதை அமுதவல்லி எழுதவில்லை. தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"அப்ப நானு யாருங்ணா?"

"நீ ஊட்டுக்குள்ளதான இருக்க? நகராட்சிக்காரங்க வீதில போறவங்களப் பத்தித்தான கேக்கறாங்க."

நல்ல நியாயம்! அவள் வீட்டுக்குள் கிடப்பதே அவன் கடைப் பலகையால்தான். முன்பக்கம் அவனுடைய செல்போன் கடை. அதை ஒட்டி வீட்டுக்குப் போகும் சந்து. சந்து வாயில், நடைபாதையை அடைத்துக்கொண்டு, நாலு பேர் பிடித்தால்தான் அசையும் இரும்புச் சட்டத்தில் ஆளுயர விளம்பரப் பலகையை நிறுத்தியிருந்தான். நடக்கிறவர்கள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்துவிடுவார்கள். நாற்காலி நுழையாது. தாலுகா ஆபீஸ் வாசலில் ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், பலகை வந்த மூன்று மாதமாக வெளியே போகவில்லை.

அன்பரசை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. பலகை வருமுன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். "செவுத்துல மாட்டுங்ணா" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். "செவுத்தக் கரண்டு டிரான்ஸ்பாரம் மறைக்குது சாமி, எவன் கண்ணுக்குத் தெரியும்?" என்றுவிட்டான். அதுவும் நிஜம்தான்.

இப்போது நடைபாதைப் பலகைகளை எடுக்கச் சொல்லி நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. யாருக்கும் இடையூறு இல்லை என்று வீதியே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று கடைக்காரர் சங்கத் தலைவர் செங்கோட்டையன் வழி கண்டுபிடித்திருந்தார். மனு எழுத அமுதவல்லியை விட்டால் வேறு ஆள் ஏது?

அடுப்படியிலிருந்து அண்ணி ஸ்ரீதேவியின் குரல் வந்தது. "கட்டிக் குடுக்காத பொண்ண ஒக்கார வச்சுச் சோறு போடறாரு. அதுக்காச்சும் ரெண்டு வரி எழுதக் கூடாதா?"

மனு எழுதிய காலத்தில் அந்த அடுப்புச் செலவுக்கு அமுதவல்லியும்தான் பணம் கொடுத்தாள். அதை யாரும் பேசுவதில்லை. பிறந்த வீட்டில் தங்கிவிட்ட பெண் தின்பது மட்டுமே கண்ணுக்குத் தெரியும், தருவது தெரியாது. பாழாய்ப் போன வழக்கம்! இன்றைக்கு மறுத்தால், நாளை முதல் அவள் முன்னால் தட்டு வைக்கிற சத்தமே வேறாக இருக்கும்.

எழுதினாள். அண்ணன் சொன்னதில் ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினாள். மனு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, அடியில் 'எழுதியவர்' என்று போட்டுத் தன் பெயரையும் சேர்த்தாள்: 'அமுதவல்லி, சக்கர நாற்காலியில் இருப்பவர், இதே வீதி.'

எழுதியவர் வரியை யார் படிக்கிறார்கள்? அன்பரசு படிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட முப்பது கடைக்காரர்களும் படிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பார்வையிட வந்த அதிகாரியம்மா, பலகைக்குப் பக்கத்தில் நின்றே மனுவைக் கடைசி வரைக்கும் படித்தார்.

"இத எழுதுனவங்கள வரச் சொல்லுங்க."

அன்பரசு காகிதத்தை எட்டிப் பார்த்தான். முகம் செத்துப் போனது. "வர முடியாதுங்க மேடம்."

"ஏன்?"

அவன் கண் போன திசையில் பலகை இருந்தது. அதிகாரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "எடுங்க இத" என்றார். அன்பரசு, செங்கோட்டையன், இன்னும் இரண்டு கடைக்காரர்கள் என நாலு பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்துப் பலகையைத் தூக்கினார்கள்.

அமுதவல்லி சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் முகத்தில் வெயில் பட்டது.

"'எவரும் இல்லை'ன்னு இருக்குது. அத அடிச்சுட்டு 'ஒருவர்'னு எழுதிக்கட்டுமாம்மா?" அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார்.

பலகையைப் பிடித்தபடியே அண்ணன் கண்ணால் கெஞ்சினான். சந்துக்குள் ஸ்ரீதேவி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். ராத்திரிச் சோறு அந்த வீட்டில்தான். அமுதவல்லிக்கு அது தெரியாதா?

"வெளிய வந்தது ஒருத்திங்க மேடம். உள்ள இன்னும் எத்தன பேருன்னு ஊடு ஊடாப் போயிக் கேட்டுட்டு எழுதுங்க."

எதிர் மாடிச் சன்னலில் ஒரு கை அசைந்தது. பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகக் கீழே இறங்காத, செங்கோட்டையன் மனைவியின் கை. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள், செங்கோட்டையனைத் தவிர.