கதவடிக் காவல்

1992ஆம் ஆண்டுச் சித்திரை மாதத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், இலண்டனின் லூயிஷாம் சந்தைக்கு அருகிலிருந்த கவுன்சில் மண்டபமொன்றில் பத்மநாதன் கதிரைகளை வரிசையாக அடுக்கினார். பள்ளிக்கூடத்தில் உள்ளவாறே அவை யாவும் முன்னாலிருந்த பேச்சாளரின் மேசையை நோக்கியிருந்தன. மண்டபத்தின் ஒரே கதவு அவற்றின் பின்புறத்தில் இருந்தது. அதிலே பிழையொன்று இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அவர் முன்பு காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் தொழிற்சங்கச் செயலாளர். இப்போது பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்பவர். ஈழத்து ஆயுத இயக்கம் எதிலும் சேராதவர். ஆதலால் எல்லா இயக்கத்தாரும் அவரை நம்பினர். அதே காரணத்தால் உலகம் அறியாதவரென்றும் எண்ணினர். அன்று அவர் ஆற்றவிருந்த உரை, 1917ஆம் ஆண்டுப் புரட்சியில் பெத்ரோகிராட் நகரத் தொழிலாளர் ஆயுதந்தாங்கிக் காவற்படை அமைத்த வரலாறு பற்றியது. மாரிகாலம் முழுவதும் நூலகத்துப் புத்தகங்களோடு மல்லுக்கட்டி, அவ்வுரையைத் தமிழில் ஆக்கியிருந்தார்.

ஆயினும் அவரது கவலை உரையைப் பற்றியதன்று. ஊரில் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்திய இரு இயக்கங்களின் எஞ்சியோர், இலண்டனில் ஒரே நூல்களைத் தனித்தனி அறைகளில் இருந்து படித்துவந்தனர். அவ்விரு பகுதியாரையும் முதன்முறையாக ஒரே கூரையின் கீழ் அழைத்தவர் பத்மநாதன். தேநீர்ப் பொறுப்பை ஏற்றிருந்த குலசேகரம் அன்று காலையிலேயே எச்சரித்திருந்தார்.

“அண்ணை, இண்டைக்குக் குழம்பிச்செண்டா, பிறகு ஒருத்தற்ற வாசல்படியை ஒருத்தர் மிதிக்கமாட்டினம். என்ர தேத்தண்ணியைக் குடிக்கவும் ஆளிருக்காது.”

அழைக்கப்பட்டோர் ஒவ்வொருவராக வந்தனர், வணக்கம் கூறினர், ஆனால் எவரும் அமரவில்லை. ஒரு பகுதியார் இடப்புறச் சுவரோரமும், மறு பகுதியார் வலப்புறச் சுவரோரமும், ஏதோ மழைக்கு ஒதுங்கியவர்கள் போல நின்றனர். நடுவில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. பத்மநாதன் இருமுறை இருக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றனர்.

தமது உழைப்பு கண்முன்னே கரைவதாக அவர் கலங்கினார். இரு பகுதியாரும் அருகருகே இருக்க மனமின்றித்தான் நிற்கிறார்கள் என்று எண்ணினார். அப்போது தவமலர் அவரிடம் வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அவள், ஒரு காலத்தில் இயக்கத்தில் பயிற்சி பெற்றவள். அவளுடைய தம்பியை எதிர்த்தரப்பு இயக்கம் கொன்றிருந்தது. அவள் வருவாளென்றே பத்மநாதன் எதிர்பார்த்திருக்கவில்லை.

“உங்களுக்கு விளங்கேல்லையோ அண்ணை?” என்றாள் மெல்லிய குரலில். “கதவுக்கு முதுகைக் குடுத்துக்கொண்டு இதில ஆர் இருப்பினம்? நான் பஸ்ஸில கூடக் கடைசிச் சீற்றிலதான் இருக்கிறனான்.”

பத்மநாதன் திரும்பிப் பார்த்தார். நின்றவர் அனைவரின் கண்களும் கதவின்மீதே இருந்தன. வெளியே சந்தையில் ஒரு பெட்டி தொப்பென்று விழ, பாதிப்பேர் திடுக்கிட்டனர். இவ்வளவு காலமும் இதனைக் கவனியாது போனோமே என்று அவருக்கு வெட்கமாயிற்று. கதிரைகளைத் திருப்பிப் போடலாமென்றால், மேசையும் படத்திரையும் முன்சுவரோடு பிணைந்திருந்தன.

அவர் மேசைக்குச் சென்று, உரையைத் தொடக்கத்திலிருந்து வாசியாமல் நடுவிலிருந்து சொல்லலானார். பெத்ரோகிராட் தொழிற்சாலைகளில் துவக்குகள் ஆட்களைவிடக் குறைவாக இருந்தன என்றார். சிலர் எந்திரத்தின்முன் குனிந்து வேலை செய்ய, வேறு சிலர் முறைவைத்து வாயிலைக் காத்தனர். காவலரையும் அவர்தம் தலைவரையும் தொழிலாளரே கூடித் தெரிந்தெடுத்தனர். வாயிலில் நிற்பவன் தம்மில் ஒருவன் என்ற நம்பிக்கையினால்தான் உள்ளே நின்றவனால் முதுகைத் திருப்பி வேலை செய்ய முடிந்தது.

“அப்ப நாங்களும் ஒராளைத் தெரிவுசெய்வம்,” என்றார் முடிவாக. “கதவடியில ஆர் நிக்கிறது?”

வலப்புறத்திலிருந்து ஒருவர், எங்கட ஆள் நின்றால் அவர்கள் இருக்கமாட்டார்கள், அவர்களின் ஆள் நின்றால் நாங்கள் இருக்கமாட்டோம் என்று முணுமுணுத்தார். அது உண்மை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

“பெனடிக்ற் நிக்கட்டும்,” என்றாள் தவமலர்.

உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்யும் பெனடிக்ற், அவளுடைய தம்பியைக் கொன்ற இயக்கத்திலே இருந்தவன். அச்சம்பவம் நிகழ்ந்தபோது அவன் தொலைவில் மன்னாரில் இருந்தான் என்பதும், அவளுக்கு அது ஆறுதலாகாது என்பதும் அனைவரும் அறிந்தவையே. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“அக்கா, யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?”

“ஓம். ஆனா ஒண்டு. தெரிவுசெய்தது நாங்கள். விலகெண்டு நாங்கள் சொன்னா விலகவேணும். ஊரில ஒருத்தரும் எங்களுக்கு அந்த உரிமையைத் தரேல்லை.”

பெனடிக்ற் நடந்து சென்று கதவருகே நின்றான். தவமலர் நடுவரிசையில், கதவுக்கும் அவனுக்கும் முதுகைக் காட்டி அமர்ந்தாள். அவளுடைய தோள்கள் இறுகியிருந்ததைப் பத்மநாதன் கண்டார். ஒருமுறைகூட அவள் திரும்பவில்லை. அதைக் கண்டு அவளது தரப்பார் ஒருவர் பின் ஒருவராக வந்தமர்ந்தனர். மற்றத் தரப்பாரும் தயங்கித் தயங்கி வந்தனர். கதிரைகள் மட்டாகவே இருந்ததால் இரு பகுதியாரும் கலந்தே இருக்க வேண்டியதாயிற்று. குலசேகரம் தேநீர்த் தட்டுடன் கதவடிக்குச் சென்று, காவற்காரருக்குச் சீனி கூடுதலாகப் போடுவது வழக்கமென்று சொல்ல, மண்டபத்தில் முதலாவது சிரிப்பு எழுந்தது.

பத்மநாதன் உரையைத் தொடர்ந்தார். அக்காவற்படை பின்னர் பெரும் இராணுவத்தினுள் கரைந்ததையும், தலைவரைத் தெரிந்தெடுக்கும் உரிமை தொழிலாளர் கையைவிட்டுப் போனதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அதற்குமுன் அது இருந்தது என்றும், ஒருமுறை மனிதர் செய்ததை மனிதர் மீண்டும் செய்யலாம் என்றும் அழுத்திக் கூறினார்.

உரையின் நடுவே தவமலர் எழுந்தாள். பத்மநாதன் வாசிப்பை நிறுத்தினார். அவள் புறப்பட்டுவிடுவாளோ என்று அவர் அஞ்சினார். அவளோ கதவடிக்கு நேரே சென்றாள்.

“உங்கட ஷிப்ட் முடிஞ்சுது, தம்பி. போய் இருங்கோ.”

பெனடிக்ற் உடனே விலகினான். எங்கும் வேறு கதிரை இல்லை. அவள் விட்டுவந்த கதிரைக்குப் போய், அதன் முதுகுப்பலகையைக் கையால் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து அமர்ந்தான்.

“இனி வாசியுங்கோ அண்ணை,” என்றாள் தவமலர் வாசலில் நின்றபடி. “நான் பாத்துக்கொள்ளுறன்.”

பத்மநாதன் தாளைப் புரட்டினார். எழுத்துகள் சற்று நேரம் கலங்கித் தெரிந்தன, பின்னர் தெளிந்தன.