மூன்றாவது டேப்லெட்டின் சோதனை அறிக்கை

முப்பத்தாறு வருஷம் தொழிற்சாலைக் கிடங்கில் சரக்குச் சோதனை செய்தவர் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தால் டேப்லெட்டின் பாடு திண்டாட்டம்தான்.

கிடங்கில் அவருக்குப் பெயர் 'திருப்பி அனுப்பு'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. லாரி வாசலில் வந்து நின்றால் டிரைவர் இன்ஜினை அணைக்க மாட்டார். எப்படியும் இப்படியே திரும்பப் போகிறோம், எதற்கு வீணாக அணைப்பானேன் என்ற எண்ணம். ஆணி வந்தால் தலை கோணல், பெயின்ட் வந்தால் நிறம் சோகை, கயிறு வந்தால் முறுக்கு போதாது. தரை துடைக்கும் துணியை 'அழுக்காகும் தன்மை உடையது' என்று எழுதித் திருப்பினார் என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் அநியாயக்காரர் இல்லை. குறை என்னவென்று எழுதாமல் எதையும் திருப்பக் கூடாது, குறை இல்லையென்றால் கையெழுத்துப் போட்டே தீரவேண்டும் என்பது கிடங்கின் சட்டம். அப்படிக் கையெழுத்துப் போட்ட நாட்களில் பல் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி வீடு திரும்புவார்.

"என்னை மட்டும்தான் சோதிக்காம எடுத்துக்கிட்டீங்க. இப்ப திருப்பவும் முடியாம முழிக்கிறீங்க" என்பாள் அவர் மனைவி. அவள் பேச்சு அப்படி. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால், பால் பொங்கி, அடுப்பு அணைந்து, மிச்சப் பால் தயிராகிவிடும். பேச்சு அப்போதும் முன்னுரையைத் தாண்டியிருக்காது. நாற்பது வருஷத்தில் அவர் வீட்டில் சேர்ந்தாற்போல மூன்று வாக்கியம் பேசியது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு அவளுக்குத் தொண்டைக்கட்டு.

நாலு மாசம் முன்னால் ஒரு காலையில் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே போட்டாள். பின்னாலேயே அவளும் விழுந்தாள். மூளையில் ரத்த அடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கால் முக்கால்வாசி திரும்பி வந்திருந்தது, கை பாதி. பேச்சு வரவேயில்லை.

மகள்தான் டேப்லெட்டை வாங்கி வந்தாள்.

"அப்பா, இதுல பதினாறு படம் இருக்கு பாருங்க. தண்ணி, சாப்பாடு, வலி, விளக்கு, ஜன்னல், போர்வை… அம்மா எதைத் தொடுறாங்களோ அதை இது வாய்விட்டுச் சொல்லும்."

"என்ன விலை?"

சொன்னாள்.

"இந்த விலைக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு வராதேம்மா. இது எப்படிப் பேசும்?"

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. பிடிக்கலைன்னா பத்து நாளைக்குள்ள திருப்பிடலாம்."

திருப்பிடலாம் என்ற சொல் காதில் விழுந்ததும் நாலு மாசமாகத் தொங்கிக் கிடந்த முகம் நிமிர்ந்தது. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்துக்கு நடுவே கோடு. இடது பக்கம் நிறை, வலது பக்கம் குறை.

நிறையில் எழுதினார்: எடை குறைவு, மடியில் வைத்தால் உறுத்தாது. பேட்டரி நேற்றுக் காலை முதல் இன்று மத்தியானம் வரை தாங்கியது. படங்கள் பெரிசு, குரல் தெளிவு.

குறை கடகடவென்று வந்தது: ஒலிபெருக்கி முதுகுப் பக்கம். மெத்தையில் வைத்தால் வாயைப் பொத்தினாற்போல் இருக்கிறது. வெயிலில் திரை தெரியாது. தட்டி எழுப்பினால் ஏழு வினாடி சோம்பல் முறிக்கிறது. கேமராவில் என் முகம் ஊறின ரொட்டி போல் வருகிறது. இதில் கேமராவின் பங்கு எவ்வளவு என்று உறுதியில்லை.

இதெல்லாம் சில்லறை. டேப்லெட் பேச வேண்டியது அவருக்காக இல்லையே.

மனைவியின் மடியில் வைத்தார். "சொல்லு. என்ன வேணும்?" என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் தொட்டாள். "ஜன்னலைத் திறங்க" என்றது டேப்லெட்.

நாலு மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்கு ஒரு உத்தரவு! ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தொட்டாள். "ஜன்னலைத் திறங்க." அடுத்த ஜன்னல். மறுபடி அதே. சமையலறை ஜன்னல், குளியலறைக் கண்ணாடித் துவாரம், அலமாரிக் கதவு வரை திறந்தாயிற்று. வீட்டுக்குள் புயல் அடித்து, நாட்காட்டி மூணு மாசம் முன்னால் ஓடியது. கடைசியில் அவள் கை நீண்ட திசையில் பார்த்தார். மேஜை மேல் தண்ணீர் டம்ளர். எடுத்துக் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

குறைப் பத்தியில் சிவப்பு மையால் எழுதினார்: 'தண்ணீரைத் தொட்டால் ஜன்னல் என்கிறது. தொடுதிரை பழுது.'

"அப்பா, திரையில தப்பு இருக்காது" என்றாள் மகள் மெதுவாக. "பேச்சுப் பயிற்சி டாக்டர் அன்னைக்கே சொன்னாங்கல்ல? வாய் மட்டும் இல்ல, உள்ளயே எல்லாம் கலைஞ்சு போயிருக்கலாம்னு…"

"அவங்க கிடங்குல வேலை பார்த்தவங்களா?"

மறுநாளே டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் அவர் எதிரிலேயே பத்துத் தடவை தொட்டுக் காட்டினார். "நான் தொட்டா சரியாத்தானே சார் பேசுது?"

"உங்களுக்குத்தான் வாய் இருக்கே. அதுக்கும் தெரியும், ஏமாத்த முடியாதுன்னு."

இரண்டாவது வந்தது. சாப்பாட்டு வேளையில் அவள் தொட்டதும் "வலிக்குது" என்று அது சொல்ல, இவர் டாக்டருக்குப் போன் போட்டு, ஆட்டோ வாசலுக்கு வந்து, அவளைக் கைத்தாங்கலாக எழுப்பும்போது, வழியில் இருந்த ரொட்டியை அவள் எடுத்துத் தின்றாள். அதுவும் திரும்பியது.

"மூணாவது கொடுக்கிறேன் சார்" என்றார் கடைக்காரர். "இதுக்கு மேல என்கிட்ட இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் கெடு. இதுலயும் குறை கண்டுபிடிச்சீங்கன்னா, நானே கடையைச் சாத்திட்டு உங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்துடறேன்."

மூன்றாவதை அவர் கிடங்கு முறைப்படி சோதித்தார். படத்துக்கு நூறு தடவை, பதினாறு படத்துக்கு ஆயிரத்து அறுநூறு. ஈர விரல், உலர்ந்த விரல், நகம், இடது கை, அவளைப் போலவே கோணலாகப் பிடித்த வலது கை. ஒரு நாள் முழுக்கத் தண்ணி, சாப்பாடு, வலி என்று வீடு கத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "விருந்தாளி வந்திருக்காங்களா? ரொம்ப அதிகாரம் பண்றாங்களே" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆயிரத்து அறுநூறும் சரி.

நோட்டை மூடி வைத்தார். சரக்கு கெட்டது என்றால் உலகத்தில் எங்கேயோ நல்ல சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அது ஒரு ஆறுதல். சரக்கு நல்லது என்றால்?

அன்று சாயங்காலம் அதை மறுபடி அவள் மடியில் வைத்தார். இந்தத் தடவை முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். மூன்று சரக்கு மாற்றியும், சோதகர் அதுவரை பார்க்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

விரல் நடுங்கவில்லை. தண்ணீர்ப் படத்தைத் தாண்டிப் போய், ஜன்னல் படத்தின் நட்டநடுவில் அழுத்தமாக இறங்கியது. கேட்டாயிற்று என்ற நிம்மதியோடு அவள் டம்ளருக்காகக் கையை நீட்டினாள்.

கொடுத்தார்.

அப்போதுதான் கிடங்கின் இன்னொரு சட்டம் ஞாபகம் வந்தது. பெட்டி முழுக்க ஒரே மாதிரி தப்பாகப் பெயர் ஒட்டி வந்தால் சரக்கைத் திருப்ப வேண்டாம், பெயரை மாற்றி ஒட்டினால் போதும். அவளுக்கு ஜன்னல்தான் தண்ணீரா? இருந்துவிட்டுப் போகட்டுமே! மகளிடம் போனில் வழி கேட்டு, ஜன்னல் படத்தைத் தொட்டால் "தண்ணி குடுங்க" என்று சொல்லும்படி மாற்றினார். மறுநாள் காலையில் அவள் ஜன்னலைத் தொட்டாள். "தண்ணி குடுங்க" என்றது. கொடுத்தார். குடித்தாள்.

"உங்கம்மா பேசிட்டாம்மா!" என்று போனில் அவர் போட்ட கூச்சல், போன் இல்லாமலே மகள் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மத்தியானம் தாகத்துக்கு அவள் விளக்கைத் தொட்டாள். சாயங்காலம் சீப்பை. அப்புறம் மறுபடி ஜன்னலைத் தொட்டாள். டம்ளரோடு ஓடினார். அதைத் தள்ளிவிட்டு, கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்துக் காட்டினாள். இரண்டு நாள் வேளை வேளைக்குக் குறித்துப் பார்த்தார். ஒரு வரி இன்னொரு வரியோடு ஒத்துப்போகவில்லை. ஜன்னலுக்குப் பழைய பெயரையே திரும்ப ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். "பெரிய கம்பெனியோடது ஒண்ணு இருக்காம்ப்பா. விலை நாலு மடங்கு. அதைப் பார்க்கலாமா?"

"வேண்டாம்மா. இதோட திரை நல்ல திரை."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா ஒரு பொருளை நல்லது என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

போன் அடித்தது. கடைக்காரர். "சார், இன்னைக்குக் கடைசி நாள். இன்ஜினை அணைக்காம காத்திருக்கேன். கொண்டு வர்றீங்களா?" இவர்தான் கடையில் அந்த லாரிக் கதையைச் சொல்லியிருந்தார்.

"இல்லை."

"என்ன சார்! குறை ஒண்ணுமே கிடைக்கலையா?" கடைக்காரருக்கு அப்படி ஒரு குஷி.

"கிடைக்கலை."

நோட்டை எடுத்துச் சிவப்பு வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். கீழே 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை அவளுக்கும் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா? நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீ இருந்திருந்தா இதை வச்சே ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்ப" என்றார். எதிரில் உட்கார்ந்திருப்பவளிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது.

அவள் அவரையே பார்த்தாள். ஏதோ நீளமாகச் சொல்லப் போகிறவள் போல மூச்சை இழுத்தாள். விரல் கொஞ்சமும் தயங்காமல் போய் அழுத்தியது.

"விளக்கைப் போடுங்க" என்றது டேப்லெட், பிசிறில்லாத குரலில்.

வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் விளக்கைப் போட்டார்.